பீலி நின்ற காலை

என் கதையில் மலை இடி போன்ற சத்தத்தோடு சரிந்தது. எழுதிய எனக்கே அந்த வரியில் நம்பிக்கை இல்லை. மண்சரிவில் லயத்து வரிசை வீடுகளை இழந்த தோட்டத் தொழிலாளர்கள் லிந்துலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அங்கே போய் செல்லசாமி என்பவரிடம் கேட்டேன்.

"எப்படிச் சத்தம் கேட்டிச்சுண்ணே?"

அவர் கம்பியில் காய்ந்த துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சத்தமெல்லாம் இல்ல தங்கச்சி. மொதல்ல பீலி நின்னுச்சு. மேல் லயத்து ஆளுங்கதான் தண்ணியத் திருப்பிட்டாங்கன்னு சண்டை பிடிக்கப் போனோம். போனவங்க பொழைச்சோம். எம் பொஞ்சாதி, சோத்த வடிச்சிட்டு வாறேன்னா."

அதைக் கதையில் சேர்க்க மனம் வரவில்லை. விட்டுவிடவும் முடியவில்லை.

அடுத்த வாரம் முழுக்க எங்கள் தோட்டத்தில் மழை. ஞாயிறு காலை மழை வெறித்தது. குடத்தோடு பீலிக்குப் போனேன். மலை ஊற்றிலிருந்து லயத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் அந்தக் குழாயின் வாயில் ஒரு சொட்டு தொங்கியது. விழவில்லை.

இத்தனை மழைக்குப் பொங்கி வழிய வேண்டிய பீலி.

மீனம்மா அக்கா குடத்தை ணங்கென்று வைத்தாள். "மேல் லயத்துக்காரிங்க வேலைதான். குளிச்சு மினுக்கணும்ல!"

"அக்கா, மண்ணு சரியப் போகுது. எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க."

"ஆரம்பிச்சிட்டா கதைக்காரி! போன மாசம் பேய், இந்த மாசம் மலையா?"

பெண்கள் சிரித்தார்கள். லயத்துக்குள் என் தங்கை ஜீவராணி பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் நம்பக்கூடியது ஒன்றுதான் இருந்தது. அதைச் சொன்னேன்.

"மேல் லயத்து நாகலெட்சுமிதான் குழாயத் திருப்பினா. நான் பாத்தேன். கீழ உள்ளதுக சேத்துத் தண்ணி குடிக்கட்டும்னா."

என் குரல் நடுங்கியது. கோபம் என்று நினைத்திருப்பார்கள்.

"அப்படியா சொன்னா அந்தச் சிறுக்கி!"

"புள்ளைங்களையும் தூக்கிட்டு வாங்க. ஆம்பளைங்களும் வரட்டும். ஒருத்தர் விடாம வந்தாத்தான் பயப்படுவாளுங்க."

லயமே கிளம்பியது. ஜீவராணி மட்டும், "நீங்க போங்கக்கா, நான் சோத்த வடிச்சிட்டு..." என்றாள். முடிக்க விடவில்லை. பிள்ளையைப் பறித்துக்கொண்டு நடந்தேன். திட்டிக்கொண்டே பின்னால் ஓடிவந்தாள்.

மேல் லயம் பாறைத் திட்டில் இருக்கிறது. நாகலெட்சுமி சவர்க்கார நுரை வழிய எழுந்து நின்றாள்.

"யாருடி திருப்பினது? எங்களுக்கு வேற ஊத்து. உங்க குழாயை நீங்களே வந்து பாருங்க!"

பார்த்தோம். குழாயை யாரும் தொட்டிருக்கவில்லை. அது தொடங்குகிற எங்கள் ஊற்றுதான் வற்றிக் கிடந்தது. பக்கத்தில் தேயிலைச் செடிகளுக்கிடையே, ஒரு கை நுழையும் அளவுக்குத் தரை பிளந்திருந்தது.

மீனம்மா அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை.

"அப்ப நம்ம தண்ணி எங்கடி போச்சு?"

எல்லாரும் கீழே பார்த்தோம். எங்கள் லயத்துக்குப் பின்னால் நின்ற சவுக்கு மரம், காற்றே இல்லாமல், மெல்லச் சாய்ந்தது.

சத்தம் இல்லை.