பால்மாப் பேணி

விடியலிற் பிடுங்கி, நனைத்த சாக்கிற் சுற்றிய மிளகாய்க் கன்றுகள் வரம்பிற் கிடந்தன. வெயில் ஏறுமுன் அவை மண்ணுக்குள் போயாக வேண்டும். மீனம்மாவோ பாத்தியில் இறங்கவில்லை. பாலை மரக் கிளையிற் சேலையைக் கட்டி, ஐந்து மாதக் குழந்தை நிரோஜாவுக்கு ஏணை போட்டுக்கொண்டிருந்தாள்.

தோட்டத்துச் சொந்தக்காரர் தங்கராசா சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன மீனம்மா, திரும்பவும் ஏணையோ? பிள்ளையை வீட்டிலை மூத்தவளிட்டை விட்டிட்டு வா எண்டுதானே பால்மா தந்தனான். வவுனியாவிலை என்ரை மருமோளும் பேணிப் பால்தான் குடுக்கிறா. இப்பத்தை நாகரிகம் அதுதான்."

ஒரு மாதம் அவளும் அப்படியே செய்தாள். பால்மாத் தகரப் பேணியின் படத்திற் சிரிக்கும் கொழுத்த குழந்தையைப் போலத் தன் பிள்ளையும் ஆகுமென்று நம்பினாள். ஆனால் போரினால் சாமான்கள் வரத்து நின்ற தடைக்காலம், வவுனியாவைத் தாண்டி அடுத்த பேணி எப்போது வருமோ? ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் அரைக் கரண்டி போட்டுக் கரைத்தாள். முந்தாநாள், ஒட்டுசுட்டான் கிளினிக்கில், தராசு முள் போன மாதத்துக்கும் கீழே நின்றது.

"உன்ரை பாலைக் குடு. இல்லாட்டிப் பிள்ளை தங்காது," என்றாள் மருத்துவிச்சி.

இப்போது மீனம்மா முடிச்சை இறுக்கினாள். "பால்மா வேணாங்கய்யா. புள்ள இங்கதான் கெடக்கும். அழுதா பால் குடுத்துட்டு வந்து நடுறேன்."

"அப்ப வீட்டிலையே இருந்து குடு. நான் வேறை ஆள் பிடிக்கிறன்."

"புடிங்களேன்," என்று வரம்பிற் குந்தினாள், கூட நட வந்திருந்த ரஜிதா. "ஒங்க மருமகளயே கூப்பிடுங்க. அவங்க கைதான் சும்மா இருக்கே!"

நடவுக்கு வந்த மற்ற ஆறு பெண்களும் சிரித்தவாறே குந்தினார்கள்.

வெயில் ஏறியது. தங்கராசா சாக்கின்மேல் இருமுறை தண்ணீர் தெளித்தார். மூன்றாம் முறை சாக்கை விலக்கினார். கன்றுகள் தலை சாய்த்திருந்தன.

"சரி, சரி, கட்டித் துலையுங்கோ! முதல்ல உதுகளை நடுங்கோ."

அடுத்த மாதம் தராசு முள் ஏறி நின்றது. "இஞ்சை பார், கள்ளி கோட்டுக்கு மேலை வந்திட்டாள்!" என்று மருத்துவிச்சி குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். மீனம்மா நேரே தோட்டத்துக்கு நடந்து, கிளினிக்கில் நிறை குறித்த அட்டையை உயர்த்திக் காட்டினாள். பாத்திகளெங்கும் குலவை எழுந்தது. பாலை மரத்தில் இப்போது மூன்று ஏணைகள் ஆடின.

பத்து மணிக்குத் தேநீர் வந்தது. தங்கராசாவுக்குக் கோப்பையில், பெண்களுக்கு, வழக்கம்போல, வெறும் பால்மாப் பேணிகளில். மடியிற் கிடந்து பால் குடித்த நிரோஜா, தாயின் கையிலிருந்த பேணியிற் சிரித்த கொழுத்த முகத்தை எட்டி உதைத்தாள்.