மக்காத கரண்டி

அறிவியல் புத்தகத்தில் சுற்றுச்சூழல் என்றால் கடைசிப் பக்கத்தில் ஒரு மரம், மரத்தடியில் இரண்டு குழந்தைகள், அவ்வளவுதான். பரீட்சைக்கு வராது. பரீட்சைக்கு வராததை எந்த வாத்தியார் மெனக்கெட்டு நடத்துவார்? அந்தக் குழந்தைகளுக்கு மீசை வரைந்து விளையாடத்தான் பக்கம் பயன்பட்டது. இதை மாற்றாமல் விடுவதில்லை என்று உயிரியல் டீச்சர் வருடக்கணக்கில் அலைந்தாள். பாடத்திட்டக் குழுவின் கூட்டம் ஒன்று விடாமல் போனாள், கை தூக்கினாள், சண்டை போட்டாள். 'வந்துட்டாங்கப்பா குப்பை டீச்சர்' என்று பேர் வாங்கியதுதான் மிச்சம். கடைசியில் குழு இறங்கி வந்தது. ஒரு பாடம் எழுதி உங்கள் பள்ளியில் நடத்திக் காட்டுங்கள், சரியாக வந்தால் எல்லாப் பள்ளிக்கும் அனுப்புகிறோம் என்றார்கள்.

எழுதினாள். சும்மா சொல்லக்கூடாது, அருமையாகத்தான் எழுதினாள். பிள்ளைக்கு ஒரு தொட்டி. மண்ணுக்குள் பழத்தோல், பேப்பர் துண்டு, ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கரண்டி, மக்கும் என்று சொல்லி விற்கிற பச்சைக் கரண்டி ஒன்று. இரண்டு மாதம் தினமும் தண்ணீர் ஊற்றிய பிறகு கொட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கரண்டி அப்படியே கிடக்கும், மற்றதெல்லாம் மண்ணோடு மண்ணாகியிருக்கும். பள்ளிக் கேன்டீன்கூட அவள் பேச்சைக் கேட்டுப் பச்சைக் கரண்டிக்கு மாறிவிட்டது.

எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. பாடத்தை எழுதியபோதே சோதனையின் முடிவையும் எழுதிவிட்டாள். செய்து பார்க்கவில்லை. கரண்டிப் பெட்டியின் மேல் இலைப் படம் போட்டுக் கொட்டை எழுத்தில் 'மக்கும்' என்றிருந்தது, நம்பிவிட்டாள். கண்ணால் பார்க்காமல் முடிவு எழுதுகிற பிள்ளைகளை வெளியே நிற்க வைக்கிற டீச்சர் செய்த காரியம் இது!

குழு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், பிள்ளைகள் போன பிறகு, மனசு கேட்காமல் ஒரு தொட்டியைக் கிளறினாள். பழத்தோல் இல்லை. பேப்பர் இல்லை. வெள்ளைக் கரண்டியோடு பச்சைக் கரண்டியும் பளபளவென்று கிடந்தது, கழுவிவிட்டுச் சாப்பிடலாம் போல. அடுத்த தொட்டியும் அப்படித்தான். அதற்கடுத்ததும். கேன்டீனுக்கு ஓடிப் போய்ப் பெட்டியைத் திருப்பினாள். அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தான், புண்ணியவான்: பெரிய உர ஆலைகளின் கடும் சூட்டில் மட்டுமே மக்கும்.

நாளைக்கு இதைப் பார்த்தால் குழு என்ன சொல்லும்? 'இதெல்லாம் சரிப்படாதுன்னு நாங்க அன்னைக்கே சொன்னோமே' என்று எழுந்து போய்விடுவார்கள். மறுபடியும் அந்த மரம், அந்த மீசை. ஒரு கரண்டிக்காகவா இத்தனை வருட உழைப்பும் பாழாக வேண்டும்? கரண்டிதானே தப்பு, சொல்ல வந்த விஷயம் சரிதானே? பிறகு நல்ல கரண்டியாகப் பார்த்து மாற்றிக்கொண்டால் போயிற்று. இப்படித் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, லேபில் இருந்த தொட்டிகளில் எல்லாம் கையை விட்டுப் பச்சைக் கரண்டிகளைப் பொறுக்கி எடுத்தாள். மண்ணைத் தட்டிச் சமப்படுத்தினாள்.

கூட்டிப்போக வந்திருந்த கணவன் அவள் நகங்களைப் பார்த்தான்.

"என்ன, புதையல் கெடச்சுதா? எனக்கும் பாதி உண்டுல்ல?"

"பேசாம வண்டிய எடுங்க."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு வரும்வரை கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் குழுத் தலைவி வந்தார், கூட இரண்டு பேர். கடுகடுப்பான ஆளாக இருந்தாலாவது தேவலை, தலைவி தங்கமான மனுஷி. பிள்ளைகள் மேசை மேல் பேப்பரை விரித்துத் தொட்டிகளைக் கவிழ்த்தார்கள்.

"பச்சையைக் காணோம் டீச்சர்!"

"என்னோடதும் போயிடுச்சு! வெள்ளை மட்டும் இருக்கு!"

கைதட்டினார்கள். தலைவியும் தட்டினார். டீச்சர் முகத்தில் ஒட்டவைத்த சிரிப்போடு நின்றாள். அப்போதுதான் ஒரு பெண் ஒரு தொட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க உள்ளே வந்தாள். எதையும் நிதானமாகச் செய்கிறவள் என்பதால் வகுப்பில் அவளுக்கு ஆமை என்று பேர்.

"உன் தொட்டி ஏம்மா வெளிய போச்சு?" என்றாள் டீச்சர்.

"லீவுல லேப் கொழாய்ல தண்ணி வராதுன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன் டீச்சர். பஸ்ல ஒரே கூட்டம், அதான் லேட்டு."

ஒரு தொட்டி குறைவதை நேற்று டீச்சர் கவனிக்கவே இல்லை. ஆமை தொட்டியைக் கவிழ்த்தாள். வெள்ளைக் கரண்டி விழுந்தது. பக்கத்திலேயே பச்சைக் கரண்டியும், ஒரு கீறல்கூட இல்லாமல்.

வகுப்பு சிரித்தது. "ஆமைகிட்ட கரண்டியும் ஆமையாயிடுச்சுடா!" என்றது ஒரு குரல்.

தலைவி குனிந்து அன்பாகக் கேட்டார். "தண்ணி ஒழுங்கா ஊத்துனியாம்மா?"

"ஊத்துனேன் மேடம்."

"தெனமுமா?"

ஆமை டீச்சரைத் திரும்பிப் பார்த்தாள். நீங்களாவது சொல்லுங்களேன் என்கிற பார்வை. டீச்சருக்குத் தெரியாததா? 'காலைல சாப்பாட்டுத் தட்டைக்கூடத் தொடாம அந்தத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தணும்னு ஸ்கூலுக்கு ஓடிடுறா, எங்க போய் முட்டிக்கிறது' என்று அவள் அம்மா போன வாரம்தான் வந்து அலுத்துக்கொண்டு போனாள். டீச்சர் கரும்பலகையைப் பார்த்தாள்.

"நடுவுல ஒருநாள் ரெண்டுநாள் விட்டுட்டேன் போல," என்றாள் ஆமை மெதுவாக. காது மடல் சிவந்துவிட்டது.

"பரவால்லம்மா, அடுத்த தடவ பாத்துக்கலாம்," என்று தலைவி அவள் தோளைத் தட்டிவிட்டு டீச்சர் பக்கம் திரும்பினார். "இதுவும் நல்லதுக்குத்தான் டீச்சர். ஆசிரியர் கையேட்டுல ஒரு வரி சேத்துடுவோம். கரண்டி மக்கலன்னா அந்தப் பிள்ளை தொட்டிய சரியா கவனிக்கலன்னு அர்த்தம். எல்லா ஸ்கூலுக்கும் உதவும்."

கூட வந்தவர்களில் ஒருவர் பேனாவைத் திறந்தார்.

எல்லாப் பள்ளிக்கும்! எந்தப் பள்ளியிலும் இந்தக் கரண்டி மக்கப் போவதில்லை. எல்லா வகுப்பிலும் பிள்ளைகள் உள்ளதைச் சொல்வார்கள். உள்ளதைச் சொன்ன அத்தனை பிள்ளைகளையும் பார்த்து, நீதான் தண்ணீர் ஊற்றவில்லை என்று இந்தக் கையேடு சொல்லும். அதுவும் அவள் எழுதிய பாடத்தை வைத்துக்கொண்டு.

"அத எழுதாதீங்க சார்," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"எல்லாத் தொட்டியிலயும் கரண்டி முழுசாத்தான் இருந்துச்சு. நேத்து நான்தான் எடுத்தேன். இந்தப் பொண்ணு தொட்டி இங்க இல்லாததால தப்பிச்சுது."

கைதட்டிய பிள்ளைகள் மேசை மேலிருந்த மண்ணைப் பார்த்தார்கள், டீச்சரைப் பார்த்தார்கள். தலைவியின் முகம் சுண்டிப்போயிற்று. திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம்.

"இதுக்கா டீச்சர் இத்தனை வருஷம் எங்ககூட சண்ட போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார். "ஆபீஸ்ல பேசிக்கலாம்." மூன்று பேரும் வெளியே போனார்கள்.

டீச்சருக்கு அந்த இடத்திலேயே மறைந்து போய்விடலாம் போல இருந்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆமை இன்னும் தன் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப நான் ஊத்துன தண்ணி சரிதானா டீச்சர்?"

"சரிதான்மா. நீ ஒருநாள்கூட விடல."

"அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் டீச்சர், நான் விட்டுட்டேன்னு சொன்னப்ப பேசாம நின்னீங்க?"

"பயந்துட்டேன்மா."

ஆமை தலையைக் குனிந்து அதைக் கேட்டுக்கொண்டாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை.