நாற்பத்திரண்டு நாளில் வளர்ந்தவள்

மூங்கில் தோட்டக்காரியின் ஆறு வயது மகள் ஒரே மழைக்காலத்தில், நாற்பத்திரண்டு நாட்களுக்குள், ஐந்தடி எட்டு அங்குல உயரத்துக்கு வளர்ந்து நின்றாள். அதற்குமேல் ஒரு நூல்கூட வளரவில்லை. பள்ளிக்கூடச் சட்டை முதல் வாரமே தோளில் கிழிந்தது; மூன்றாவது வாரம் அப்பாவின் சட்டையை மாட்டிக்கொண்டு பலகையில் ஆனா ஆவன்னா எழுதினாள். "பிள்ளைக்கு யூரியா வச்சியா?" என்று பக்கத்து வீட்டார் சிரித்தார்கள். பெஞ்சு தாங்காது என்று தலைமையாசிரியர் அவளை வீட்டுக்கு அனுப்பினார்.

தோட்டக்காரி இதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்று இருந்தாள். மண்ணைப் பிளந்து தலைகாட்டும் குருத்துகளில் எதை வெட்டிச் சமையலுக்கு அனுப்புவது, எதைக் கழியாக முற்ற விட்டுவைப்பது என்று முடிவு செய்வது அவள் வேலை. விட்டுவைத்தது இரண்டு மாதத்தில் முழு உயரத்துக்குப் போய்விடும். முற்றுவதற்குத்தான் நான்கு வருடம் வேண்டும். அதற்குள் வெட்டினால் பூச்சி அரித்து மாவாக உதிரும். உயரத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் கட்டிய சாரம் சரிந்ததை அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். மகளின் உயரத்தையும் இப்போது எல்லோரும் அப்படித்தான் அண்ணாந்து பார்த்தார்கள்.

முதலில் அப்படிப் பார்த்தவர் அவள் வீட்டுக்காரரேதான். மரக்கிடங்கில் கழி தூக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். "ஆளு என்னைவிட உசரம். இன்னும் என்ன பாப்பா?" என்றார். "வளந்திருக்கா. முத்தலையே" என்றாள் அவள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுநாள் விடியலில் அவள் குருத்து வெட்டப் போயிருந்த சமயம் பார்த்து மகளைக் கிடங்கில் கொண்டுபோய் விட்டுவிட்டார்.

வெறும் வீட்டைப் பார்த்ததும் தோட்டக்காரி கையில் மண்ணோடு ஓடினாள். கிடங்கு நடுவில் இருபதடிக் கழி ஒன்று கீழே கிடக்க, மகள் அதன் பக்கத்தில் நின்று ஓவென்று அழுதுகொண்டிருந்தாள். பால் பல் விழுந்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்து ஒவ்வொருவரிடமாகக் காட்டிக்கொண்டிருந்தாள். கிடங்குக்காரர் முப்பது வருடமாக மூங்கிலைத் தட்டிப் பார்த்தே வாங்குகிறவர். அருகே வந்து, விரல் முட்டியால் அவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுத்தார். ஈரச் சத்தம் கேட்டது.

"பச்சை இளசும்மா. கூட்டிட்டுப் போ" என்றார். அங்கேயே நின்றிருந்த அப்பாக்காரர் தரையைப் பார்த்தார். அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. பிறகு கீழே கிடந்த கழியைத் தானே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். அந்த வேலையில் பதினோரு வருடம் இருந்தார்.

தோட்டக்காரி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். பிள்ளையின் கால்கள் இரண்டும் சாலையில் இழுபட்டு வந்தன. தலை அம்மாவின் தலைக்கு ஒரு சாண் மேலே ஆடியது. நிறுத்தத்துக்குப் போவதற்குள் அழுகை ஓய்ந்து தூங்கிவிட்டாள். பேருந்து வந்தது. நடத்துநர் குழந்தையை அண்ணாந்து பார்த்தார், கால் மிதிபடாமல் சற்று ஒதுங்கி நின்றுகொண்டார், வயதைக் கேட்காமலே அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.