ஆழினி சாகாத பிரதி

ஆற்றிலிருந்து எழுந்து வருகிறாள் ஆழினி, கூந்தல் முனையில் நீர் சொட்டுகிறது, கோட்டை வாசலில் நெஞ்சில் அம்பு தைத்துச் செத்தவள், ஆனாலும் வருகிறாள், சிறகுள்ள யாளி முன்னங்கால்களை மடித்துக் குனிகிறது, ஏறி நிமிர்ந்து உட்காருகிறாள், யாரும் எப்படி என்று கேட்கவில்லை, பள்ளிக்கூட வயதில் நானும் கேட்கவில்லை, அம்மா வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்த தொடர்கதை அது, ஏழு பாகத்தில் மூன்றாம் பாகம், அந்த ஒரு வருஷம்தான் எங்கள் வீட்டில் பத்திரிகை வாங்கினோம், முன்கதையும் தெரியாது, பின்கதையும் தெரியாது, பைண்டர் மரியதாஸ் தாள்களை முன்பின்னாக அடுக்கித் தைத்து, அத்தியாய எண் இருந்த மேல்விளிம்பையும் ஓரம் வெட்டும்போது வெட்டித் தள்ளிவிட்டார், அதனால் என் ஆழினி செத்த பிறகு குளித்தாள், யாளி ஏறினாள், வென்றாள், எத்தனை தடவை வாசித்தாலும் அந்த இடத்தில் எனக்கு முதுகு நிமிரும், இப்போதும் நிமிர்கிறது, ஆஸ்பத்திரிக் கட்டிலில், மார்பில் பழைய தையல் இழுக்க.

அண்ணன் மகள் ஜெபக்கனி ஏழு பாகமும் புதுசாக வாங்கி வந்து கட்டிலில் பரப்புகிறாள், அத்தே, ஒங்க புஸ்தகத்துல பைண்டர் குளறுபடி பண்ணிட்டாரு, ஆத்துல குளிக்கது மொதல்ல, அம்பு பாயுதது கடைசில, அதோட ராணி காலி, நாலாம் பாகத்துல அவ தம்பிக்குப் பட்டாபிஷேகம், இனியாவது ஒழுங்கா மொதல்லேருந்து படிங்க என்கிறாள், ஏட்டி, ஒன் ராணி சாவட்டும், என் ராணி சாவமாட்டா, எல்லாத்தையும் கட்டி எடுத்துட்டுப் போ என்கிறேன், சிரிக்கிறாள், சிரிப்பு பாதியில் நின்று கண் கலங்குகிறது, ஏனென்று எனக்குத் தெரியும், நெஞ்சை மறுபடியும் திறக்க வேண்டும், இந்தத் தடவை பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் வராந்தாவில் அண்ணனிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது, அண்ணன் அதற்குள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாயிற்று, எல்லோரும் வரிசைப்படி வாசிக்கிறார்கள், வியாதி, ஆபரேஷன், அப்புறம் கடைசிப் பக்கம், எனக்கு அந்த வரிசை வேண்டாம், போன தடவை ஆபரேஷன் மேஜையிலேயே நின்றுபோய்த் திரும்ப ஓடிய நெஞ்சு இது, செத்த அத்தியாயத்தை நான் எப்போதோ வாசித்து முடித்துவிட்டேன், இனி ஆற்றில் குளியல்தான், காலையில் நர்ஸ் குளிக்கச் சொல்கிறாள், குளிக்கிறேன், துவட்டாமல் வருகிறேன், வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தாழ்த்தி வைத்திருக்கிறார்கள், படுத்துக்கோங்கம்மா, இல்லம்மா, உக்காந்துதான் வருவேன், விழுந்துருவீங்கம்மா, விழமாட்டேன், நீ தள்ளு, விடுங்க சிஸ்டர், எங்க அத்தை அப்படித்தான் என்று ஜெபக்கனி ஓடி வந்து பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறாள், ஏறி நிமிர்ந்து உட்காருகிறேன், சக்கரங்கள் உருள்கின்றன, வழிநெடுகத் தரையில் என் கூந்தலிலிருந்து நீர் சொட்டுகிறது.