பின்பாதி அச்சுகள்

என் மச்சினன் எனக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. பதினெட்டாயிரம் அவன் பட்டறைக்கு முன்பணம் கட்ட என்னிடம் வாங்கியது. அறுநூற்று நாற்பது, படகுக்குப் பலகை ஏற்றி வந்த வண்டிக்கு அவன் பையைத் தடவிக்கொண்டு நின்றபோது நான் கொடுத்தது.

ஐஸ் விற்கிறவர் தன் மூன்று சக்கர வண்டியைப் பதினெட்டாயிரத்து ஐநூறுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். மாசக் கடைசி ஞாயிறு சாயங்காலம் வரைக்கும்தான் வைத்திருப்பாராம். கிடங்கில் மூட்டை தூக்கி எனக்கு இருபத்திரண்டு வருஷம். எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டார். வலிக்காத இடத்தைச் சொல்லட்டுமா, சீக்கிரம் முடியும் என்றேன். வண்டி வந்தால் சுமை சக்கரத்தின் மேல் போகும். அவ்வளவுதான் என் ஆசை.

மச்சினன் கதவு, ஜன்னல் செய்கிற தச்சன். ஏரிக்கரை விடுதிக்காரர் இரண்டு பேர் உட்காருகிற மாதிரி சின்னப் படகு கேட்டதும் சரி என்றுவிட்டான். படகைக் கவிழ்த்துப்போட்டுத்தான் கட்ட வேண்டும். அதற்கு முதலில் ஒரு சட்டம். ஏணியைப் படுக்கவைத்தது போல இரண்டு நீள மரம், குறுக்கே கட்டைகள், கட்டைக்கு ஒன்றாக ஏழு அச்சுப் பலகைகள். ஒவ்வொரு அச்சும் அந்தந்த இடத்தில் படகின் வயிறு எவ்வளவு அகலமோ அந்த அளவு. சட்டம் நின்றதும் இருபதாயிரம் தருவதாகப் பேச்சு. அதிலிருந்து என் கடன் தீரும்.

ஒற்றை ஆளாக அவனால் நிறுத்த முடியாது. வரைபடத் தாளைப் படிக்கவும் அவனுக்குத் தெரியாது. நான் நாற்பத்தொரு வயதில் மாலை வகுப்பில் எழுத்துக் கூட்டப் படித்தவன். அதனால் கிடங்கு விட்டதும் நேரே பட்டறை.

"கடன் குடுத்தவனே போய்க் கூலி இல்லாம வேலை செய்யற கூத்தை இங்கதான் பாக்கறேன்" என்றாள் என் மனைவி. "என் தம்பின்னு பாக்காதீங்க. சட்டையைப் புடிச்சுக் கேளுங்க."

"அவன் சட்டையே போடறதில்லடி வேலை நேரத்துல."

மூன்று வாரம் போனது. நடுவில் நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, தூக்குக்குண்டு விட்டு ஒவ்வொரு அச்சாக நிறுத்தினோம். நான் தாளைப் படிப்பேன், அவன் கோடு போடுவான். அச்சைக் கோட்டுக்குப் பின்பக்கமாக ஒட்டி நிறுத்தவும் என்று தாளில் இருந்தது. ஏழையும் அப்படியே நிறுத்தினோம்.

சனிக்கிழமை மத்தியானம் மச்சினன் ஸ்க்ரூ வாங்கப் போயிருந்தான். நான் ஒரு மெல்லிய ரீப்பர் பட்டையை அச்சுகளின் மேல் நீளவாக்கில் வளைத்துப் பிடித்து, உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன். முன்பாதியில் வழுக்கிக்கொண்டு போனது. பின்னால் கடைசி அச்சில் மேடு தட்டியது. மறுபடியும் தடவினேன். மறுபடியும் மேடு.

தாளைத் திருப்பினேன். பின்பக்கத்திலும் எழுதியிருந்தது. பின்பாதி அச்சுகளைக் கோட்டுக்கு முன்பக்கமாக நிறுத்தவும். படகு இரண்டு முனையிலும் குறுகிக்கொண்டு போகிறது. எல்லா அச்சும் நடுவைப் பார்த்து நிற்க வேண்டும். மூன்று வாரமாக அந்தத் தாள் என் கையில் இருந்தது. ஒரு நாளும் திருப்பவில்லை. முதல் பக்கம் முடிந்ததே போதும் என்றிருந்தது எனக்கு.

பெஞ்சில் உட்கார்ந்தேன். மறுநாள் காலை விடுதிக்காரர் வந்து சுற்றிப் பார்ப்பார், தலையாட்டுவார், பணம் கொடுப்பார். மேடு தெரிவது பலகை அடிக்கும்போதுதான். அதற்குள் நான் வண்டி மிதித்துக்கொண்டிருப்பேன்.

மச்சினன் இரண்டு டீயோடு வந்தான். சொன்னேன். அவனும் தடவிப் பார்த்தான்.

"அத்தான், பக்கத்தைத் திருப்பறதுக்கும் தனிக் கூலி கேப்பீங்களா?"

"கேலி பண்ணு, வாங்கிக்கறேன்."

"பழைய துளை பக்கத்துல புது ஸ்க்ரூ நிக்காது. மூணு குறுக்குக் கட்டையையும் மாத்தணும்." டீயை உறிஞ்சினான். "நாளைக்கு அவர் வந்து பாத்துட்டுப் போகட்டும். காசை வாங்கிட்டு அப்புறம் பிரிப்போம். இல்லன்னா உங்க வண்டி போயிடும்."

எனக்காகத்தான் சொன்னான். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"காசு கைக்கு வந்துட்டா நான் திங்கட்கிழமை இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்டா" என்றேன். "என்னை எனக்குத் தெரியும். உடம்பு அப்படிக் கிடக்கு. நீ ஒத்தையா நின்னு முழிப்பே."

ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கடைசி அச்சின் முதல் ஸ்க்ரூவை நானே கழற்றினேன்.

ஞாயிறு பத்து மணிக்கு விடுதிக்காரர் வந்தபோது மூன்று அச்சு தரையில் கிடந்தன.

"போன வாரம் ஏழு நின்னுச்சு, இன்னைக்கு நாலு நிக்குது. படகு வளருதா, தேயுதா?"

"சார், அது மரம் கொஞ்சம்..." என்று மச்சினன் ஆரம்பித்தான்.

"மரத்து மேல தப்பில்ல சார். நான்தான் மாத்தி நிறுத்திட்டேன்."

சட்டைப் பைக்குப் போன விடுதிக்காரர் கை வெறுமனே திரும்பியது. "சரி, நிமித்திட்டுச் சொல்லுங்க. நான் வெளியூர் போறேன், பத்து நாள் ஆகும்."

அன்று சாயங்காலம் காய்கறிக்காரன் ஒருவன் அந்த ஐஸ்காரர் வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கள் தெருவழியாகவே போனான். மனைவி என்னைப் பார்த்தாள். முதுகுக்குத் தைலம் எடுத்து வந்தாள்.

பத்து நாள் கிடங்கு, பட்டறை, தூக்கம். புதுக் கட்டைகள் வைத்து மூன்று அச்சையும் நடுவைப் பார்க்க நிறுத்தினோம். விடுதிக்காரர் வந்தார். ரீப்பரை அவர் கையிலேயே கொடுத்தான் மச்சினன். அவர் ஒன்றும் புரியாமல் தடவி, நல்லா இருக்கு என்று இருபதாயிரம் கொடுத்துவிட்டுப் போனார்.

மச்சினன் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதைப் பிரித்து என்னிடம் நீட்டினான்.

"எண்ணிக்கோங்க அத்தான்."

"உங்க அக்கா எண்ணுவா. குறைஞ்சா உனக்குத்தான் கேடு."

"வண்டி போயிடுச்சே."

"வேற வண்டி வராமலா போகும்" என்றேன்.

பணத்தை மடியில் செருகிக்கொண்டு ஒரு தரம் கடைசி அச்சைத் தடவினேன். கை வழுக்கிக்கொண்டு போனது. கடன் தீர்ந்தது. மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கிடங்கு வாசலில் லாரி நின்றது, நூற்றுப்பத்து மூட்டை.