தண்ணீர் ஊற்ற வந்தவர்கள்

நானுஓயாவுக்கு மேலே எங்கள் மேட்டில் குடியேறிய முதல் பெண் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? தேயிலைத் தோட்டத்து வேலையை விட்டு மரக்கறி பயிர் போட வந்த தனிக்கட்டைகள்தான் அங்கே குடிசைகளில் கிடந்தார்கள். என் கணவர் சோலைமலை மட்டும் கல்யாணம் ஆனவர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில், கைக்குழந்தை லெட்சுமியோடு தோட்டத்து லயத்து வீட்டைவிட்டு நான் மூட்டை கட்டிய அன்று, அவருடைய அக்கா சண்முகவடிவு வழிமறித்தாள்.

"ஏம்மா வீரம்மா, பொம்பளப் புள்ளயத் தூக்கிக்கிட்டு அந்த ஆம்பளக் காட்டுக்கா போற? நாளைக்கு இவ சமைஞ்சா, தலைக்குத் தண்ணி ஊத்த அங்க அஞ்சு சுமங்கலி இருக்காங்களா?"

அவர் அக்கா சொல்லைத் தட்டமாட்டார். "இவ ஆளாகுறதுக்குள்ள அந்த மேட்டுலயே அஞ்சு பொம்பளைங்க சேரலன்னா, லயத்துக்கே திரும்பிர்றோம்க்கா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? அந்தப் புகை பிடித்த ஒற்றை அறைக்கும் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கும் செத்தாலும் திரும்புவதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

அதன்பிறகு மேட்டில் எவனுக்குப் பெண் பார்த்தாலும் முதல் ஆளாக நான் போய் உட்கார்ந்தேன். ராகலையில் ஒரு பெண்ணின் தாய், "தண்ணிக் கொழா இருக்குதாங்க?" என்று கேட்டாள்.

"இல்லீங்க, ஊத்துதான். ஆனா விடியுமுன்னே ஒங்க மகள யாரும் அதட்டி எழுப்ப மாட்டாங்க" என்றேன்.

பெண்ணைக் கொடுத்தார்கள். அவள் பேர் நாகலெட்சுமி. அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். மீராசாஹிப் கடை போட இடம் கேட்டபோது, "குடும்பத்தோட வர்றதுன்னா வாங்க" என்று கறாராகச் சொன்னேன். மனைவி நஸீராவோடு வந்து இறங்கினார். பெண்கள் நாங்களே நகரசபைப் படியேறிச் சண்டை போட்டுக் குழாய் கொண்டுவந்தோம். பள்ளிக்கூடம் வந்தது. நுவரெலியா பஸ் மேடுவரை ஏறி வந்தது. டவுனில் வேலை பார்ப்பவர்கள்கூடப் பிள்ளைகுட்டிகளோடு வாடகைக்கு வீடு தேடி வர ஆரம்பித்தார்கள்.

லெட்சுமி ஆளானாள். தண்ணீர் ஊற்றும் நாளில் சண்முகவடிவு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பின்னால் லயத்துப் பெண்கள் ஐந்து பேர்.

"இங்க ஆள் இருக்காதேன்னு நானே கூட்டியாந்தேன்" என்றபடி முற்றத்துக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பட்டுச்சேலையும் மஞ்சள் பூசிய முகமுமாகப் பெண்கள் வரிசை, வாசலைத் தாண்டித் தெருக்குழாய்வரை போயிருந்தது.

"மொதச் செம்பு அத்தைக்குத்தான்னு ஒருத்தரையும் ஊத்த விடல அண்ணி. வாங்க" என்றேன். "கூட வந்தவங்க கடைசியில போயி நிக்கட்டும்."

அண்ணி முதல் செம்பை ஊற்றினாள். என் கணவர் தூணோரம் நின்று, "நாங்க திரும்பி வரலக்கா" என்றார். அதற்காகவே அவருக்குப் பழையதையெல்லாம் மன்னித்தேன்.

அண்டா காலியானது. நஸீரா தன் வீட்டுக் கந்தூரிச் சோறாக்கும் பெரிய அண்டாவில் வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள். வரிசை பாதிகூடக் குறையவில்லை.

"அம்மா, குளிருதும்மா, போதும்" என்றாள் லெட்சுமி, பல் கிட்ட.

"பொறுத்துக்கடி. ஒவ்வொருத்தியா நடையா நடந்து கொண்டாந்திருக்கேன். ஒரு செம்புகூட விடமாட்டேன்."