இருநூற்றுக்குள் நாலு பேர்

ரொட்டிக்கடைக்கு இரண்டாவது மின்சார அடுப்பு வந்து இறங்கிய மறுவாரம் மின் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அந்தத் தெருவுக்கு வரும் மின்கம்பியால் இதற்கு மேல் தாங்க முடியாது. புதிய கம்பி போட மூன்று வருடமாகும். அதுவரை யாருக்கும் கூடுதல் மின்சாரம் கிடையாது.

ரொட்டிக்காரி கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு மாவு ஒட்டிய கையாலேயே கணவனிடம் நீட்டினாள்.

"மூணு வருஷமாம். அதுக்குள்ள நம்ம பொண்ணு பள்ளிக்கூடத்தையே முடிச்சிருவா."

"முதல்ல கேட்டுட்டு அடுப்பை வாங்கியிருக்கலாம்..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும், "மாவு என்ன ஆச்சுன்னு பாக்குறேன்" என்று உள்ளே நழுவினான்.

எதிர்ச் சாரியில் இருந்த சலவைக்கூடம் அவனுடைய அக்காவுடையது. ரொட்டிக்காரிக்கு நாத்தனார், அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். இருவரும் ஒருவரையொருவர் சீண்டாமல் ஒரு நாள் போனதில்லை. "உன் அடுப்பால என் வெள்ளைத் துணியெல்லாம் ரொட்டி வாசனை அடிக்குது" என்பாள் அண்ணி. "நல்லதுதானே, துணி போட வர்றவங்க பசியோட என் கடைக்கு வருவாங்க" என்பாள் இவள். அந்த அண்ணிக்கும் புதிய உலர்த்தும் இயந்திரத்துக்கு இதே பதில்தான் வந்திருந்தது.

பக்கத்து மரப்பட்டறைக்காரருக்கு வேறு மாதிரித் தலைவலி. அவர் கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். உச்சி வெயிலில் மிஞ்சுகிற மின்சாரத்தை வெளியே அனுப்பக் கம்பியில் இடமில்லை. "நல்லா வெயில் அடிக்கிற நேரத்துல என் கூரையைச் சும்மா கிடன்னு சொல்றாங்க" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினார்.

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. தெருக்கோடிக் குளிர்க்கிடங்குக்காரரையும் சேர்த்து எல்லோரையும் தன் இஸ்திரி அறைக்கு அழைத்தாள். மின் அலுவலகத்தின் பொறியாளர் அம்மாவும் வந்தார். துணி மூட்டைகள்தான் நாற்காலி.

"உங்க நாலு பேருக்கும் அனுமதிச்ச மின்சாரத்தைச் சேர்த்தா இருநூறு கிலோவாட் வருது" என்றார் பொறியாளர். "ஆனா நாலு பேரும் ஒரே நேரத்துல முழுசா எடுக்கறதே இல்ல. இருநூறைத் தாண்டாம உங்களுக்குள்ள பேசிப் பங்கு போட்டுக்குங்க. அடுப்பையும் போடலாம், உலர்த்தியையும் போடலாம். கூரை மின்சாரமும் உங்களுக்குள்ளயே சுத்தும்."

"எங்க வீட்டுல மூணு பேர் ஒரு குளியலறையைப் பங்கு போட முடியல" என்றாள் அண்ணி. அறை சிரித்தது.

குளிர்க்கிடங்குக்காரர் அதிகம் பேசாத மனிதர். தெருவில் அவருக்குப் பனிக்கட்டி என்று பெயர். அவர்தான் தொண்டையைச் செருமினார்.

"என் கிடங்கு ஒரு தடவை நல்லாக் குளிர்ந்தா மூணு மணி நேரம் தாங்கும். காலையில நான் நிறுத்திக்கிறேன். ரொட்டிக்கு விட்டுருங்க."

அதன் பிறகு மற்றவர்கள் பிகு செய்து என்ன ஆகப்போகிறது? நாலு இடத்திலும் சுவரில் ஒரு சின்னத் திரை வந்தது. நாலு பேரும் சேர்ந்து எடுக்கும் மின்சாரம் அதில் எண்ணாகத் தெரியும்.

இரண்டு மாதம் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் காலை ஏழு மணி, தூறல். அண்ணி செருப்புக்கூடப் போடாமல் தெருவைக் கடந்து வந்தாள்.

"ஆஸ்பத்திரியில குழாய் வெடிச்சு மொத்த விரிப்பும் நனைஞ்சு போச்சாம். பத்து மணிக்குள்ள காய்ஞ்ச விரிப்பு வேணுமாம். எல்லா உலர்த்தியும் ஓடணும்."

திரையில் நூற்றெழுபது. உலர்த்திகள் எல்லாம் ஓடினால் இருநூற்றைம்பது ஆகும், தெருவே இருண்டுவிடும். ரொட்டிக்காரி திரும்பிப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டுக்கான மாவு, அறுபது தட்டுகளில் முக்கால்வாசி உப்பி நின்றது.

"ரெண்டு அடுப்பையும் அணைங்க" என்றாள் கணவனிடம்.

"மாவு வீணாப் போயிருமே?"

"போனா போகட்டும். அங்க நோயாளிங்க வெறும் மெத்தையில கிடக்குறாங்க."

அண்ணி தம்பி மனைவியின் கன்னத்தை ஈரக்கையால் ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடினாள்.

திரையில் எண் சடாரென்று இறங்கியதைப் பார்த்துப் பனிக்கட்டி குடையோடு விசாரிக்க வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மாவுத் தட்டுகளைக் குனிந்து பார்த்தார்.

"ஏம்மா, குளிர்ல வச்சா இது என்ன ஆகும்?"

"பொங்கறது அடங்கும். அப்படியே தூங்..." என்றவள் பாதியில் நிறுத்தி அவரைப் பார்த்தாள். "அண்ணே, உங்க கிடங்குல இடம் இருக்கா?"

மரப்பட்டறைக்காரர் அன்று ரம்பங்களை ஓட்டவில்லை. அவருடைய ஆட்கள் நீளப் பலகைகளில் தட்டுகளை அடுக்கி, மேலே தார்ப்பாய் போர்த்தி, தூறலில் தெருக்கோடி வரை நடந்தார்கள். முன்னால் ரொட்டிக்காரியின் கணவன், "பள்ளம், பள்ளம்! பாத்து வாங்க!" என்று கல்யாண ஊர்வலம் நடத்துகிறவன் போலக் கத்திக்கொண்டே போனான்.

ஒன்பதரைக்குக் கடைசி விரிப்பு வண்டியேறியது. பதினொரு மணிக்கு மேகம் விலகியது. மாவு திரும்பி வந்தது. கூரை மின்சாரத்தில் இரண்டு அடுப்பும் எரிந்தன. ரொட்டி ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் போயிற்று. பள்ளிக்கூடச் சமையல்காரர் தொலைபேசியில் முணுமுணுத்தார்.

சாயங்காலம் அவரே மறுபடி கூப்பிட்டார். "இன்னிக்கு ரொட்டியில என்ன பண்ணீங்க?"

"ஏன் சார், புளிச்சிருச்சா?"

"பிள்ளைங்க ஓரத்தைக்கூட மிச்சம் வைக்கல. நாளைக்கும் இதே மாதிரி அனுப்புங்க."

குளிரில் மெல்ல ஊறியதில் மாவுக்கே ஒரு தனி ருசி வந்திருந்தது. இப்போதெல்லாம் பள்ளிக்கூடத்து மாவு முந்தின சாயங்காலமே கிடங்குக்குப் போய்விடுகிறது. பத்து மணி வெயிலில் அடுப்பேறுகிறது. காலை மின்சாரம் சலவைக்கு. கணவன் மனைவி இருவருக்கும் இரண்டு மணி நேரத் தூக்கம் லாபம்.

முதல் தட்டு வெளியே வந்ததும் அண்ணி சரியாக வாசலில் நிற்பாள். சூடான ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மெல்லுவாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி" என்பாள், மூன்றாவது துண்டைப் பிய்த்தபடி.